உங்கள் காடிக்கு எந்தப் புத்தகம்?



சொந்தக் காடியைச் சொந்தக் கையாலேயே பார்த்துக்கணும் என்று ஆசைப்படும் இளைஞர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல ஆசை. காசும் மிச்சமாகும், கைத்தொழிலும் வரும். ஆனால் பலர் முதலில் வாங்குவது ஸ்பேனர் செட்டைத்தான். நான் புத்தகத்தை முதலில் வாங்கச் சொல்வேன். நாம் கழற்றி மாட்டிய பிரேக்கை நம்பித்தான் அம்மாவும் தங்கையும் பின்சீட்டில் ஏறி உட்காருகிறார்கள். "ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

மூன்று வகைப் புத்தகம்

முதல் வகை, காடியோடு வரும் கையேடு. எந்த எண்ணெய், டயருக்கு எவ்வளவு காற்று, எந்த பியூஸ் எதற்கு என்பதெல்லாம் இதில் இருக்கும். எஞ்சினைப் பிரிக்கும் முறை இருக்காது.

இரண்டாவது, கம்பெனி தன் பட்டறை ஆட்களுக்காக எழுதும் வொர்க்‌ஷாப் மேனுவல். அளவுகள் எல்லாம் இதில்தான் முழுமையாகக் கிடைக்கும். ஆனால் தொழில் தெரிந்தவரிடம் பேசுவதுபோல எழுதியிருப்பார்கள். கம்பெனியின் தனிக் கருவி இல்லாமல் சில வேலைகளைச் செய்யவும் முடியாது.

மூன்றாவது, நம்மைப் போன்றவர்களுக்காக வெளியார் எழுதும் நூல். பிரிட்டனின் ஹெய்ன்ஸ், அமெரிக்காவின் சில்டன் இரண்டும் பெயர் பெற்றவை. ஹெய்ன்ஸ் 1960இல் தொடங்கிய நிறுவனம். ஒரு காடியை வாங்கி, முழுசாகப் பிரித்து, திரும்பப் பூட்டிப் பார்த்துத்தான் புத்தகம் எழுதுவது அவர்கள் வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை ஸ்பேனர் படம் போட்டிருப்பார்கள். ஒரு ஸ்பேனர் என்றால் புதியவரும் செய்யலாம். ஐந்து என்றால் கைதேர்ந்தவர் வேலை. கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய உதவி.

முதலில் கிரானை எடுங்க

கடைக்குப் போய் "வீரா புத்தகம் இருக்கா?" என்று கேட்டால் போதாது. 1993இல் வந்த புரோட்டான் வீராவையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். உள்ளே 1.3க்கு 4ஜி13, 1.5க்கு 4ஜி15, 1.6க்கு 4ஜி92, 1.8க்கு 4ஜி93 என்று எஞ்சின் வேறு வேறு. உங்களுடையது எது? காடி கிரானில் எஞ்சின் நம்பர் அச்சிட்டிருக்கும். அதன் தொடக்க எழுத்துகளே எஞ்சின் வகையைச் சொல்லிவிடும். பழைய காடி என்றால் எஞ்சினையே மாற்றியிருக்கலாம். அதனால் பிளாக்கில் பொறித்திருப்பதோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீராவுக்கு மூலம் மிட்சுபிஷி லான்சர். முதலில் வந்த மைவிக்கு மூலம் டைஹாட்சு பூன். அதனால் மூலக் காடியின் புத்தகம் எஞ்சின் வேலைக்கு ஓரளவு உதவும். ஆனால் வயரிங், பிரேக் போன்றவை நாட்டுக்கு நாடு மாறக்கூடும். அமெரிக்கப் புத்தகத்தில் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும், படமும் அப்படியே வரும். இந்தப் பகுதிகளுக்கு நம்ம காடியின் புத்தகத்தையே நம்புங்கள்.

வாங்குமுன் நான்கு சோதனை

1. நீங்கள் அடுத்து செய்யப்போகும் ஒரு வேலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, முன் பிரேக் பேட் மாற்றுவது. அந்தப் பக்கத்தைத் திறந்து கடைசிவரை படியுங்கள். அங்கேயே புரியவில்லை என்றால், காடிக்கு அடியில் படுத்துக்கொண்டு படிக்கும்போது மட்டும் எப்படிப் புரியும்?

2. படம் பாருங்கள். பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்து வரிசையாகக் காட்டும் படம் இருக்கணும். எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று அது ஒன்றுதான் தெளிவாகச் சொல்லும்.

3. போல்ட் முறுக்கும் அளவு எழுதியிருக்கா? எந்த அலகில்? 10 கிலோகிராம்-மீட்டர் என்பது ஏறக்குறைய 98 நியூட்டன்-மீட்டர், அல்லது 72 அடி-பவுண்டு. புத்தகம் நியூட்டன்-மீட்டரில் 98 என்று சொல்ல, நீங்கள் ஸ்பேனரில் அடி-பவுண்டு கோட்டில் 98 வைத்தால், 133 நியூட்டன்-மீட்டர் ஏறிவிடும். மரை போகும், போல்ட்டும் முறியலாம். குறைவாக முறுக்கினால் ஓட ஓட நட்டு கழன்றுவிடும்.

4. எச்சரிக்கை எழுதியிருக்கா? ஜேக்கை மட்டும் நம்பி அடியில் போகாதே, ஸ்டாண்டு வை. பிரேக்கில் குறித்த பிரேக் திரவம் தவிர வேறு எண்ணெய் ஊற்றாதே. ஏர்பேக் பக்கம் போகுமுன் பேட்டரியைக் கழற்று. இதெல்லாம் சொல்லாத புத்தகம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

போனில் வரும் நகல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கேன் மங்கலாக இருந்தால் 1.0 என்பது 10 ஆகத் தெரியும், 5 என்பது 6 ஆகும். நடுவில் பக்கம் காணாமலும் போயிருக்கும். அதை நம்பிப் போல்ட்டை முறுக்காதீர்கள்.

புத்தகமும் ஒரு கருவிதான்

ஆயுத பூசையன்று ஸ்பேனருக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம், காடி டயருக்கு அடியில் எலுமிச்சை வைக்கிறோம். பூசைக்கு வைத்த கருவியை முறையறிந்து பயன்படுத்துவதும் அதற்குச் செய்யும் மரியாதைதான். அடுத்த பூசையில் எண்ணெய்க் கறை படிந்த அந்தப் புத்தகத்தையும் பக்கத்தில் வையுங்கள். அது சரஸ்வதிக்கும் உரியது.

நல்ல புத்தகம் எங்கே நிறுத்தணும் என்றும் சொல்லும். ஐந்து ஸ்பேனர் போட்ட வேலையைப் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோங்க, பக்கத்தில் நின்று பாருங்க. அதுவும் படிப்புதான்.

பயிற்சி

அடுத்த கூட்டத்துக்கு முன், வீட்டுக் காடியின் எஞ்சின் வகையைக் கிரானில் பார்த்து எழுதுங்கள். வீல் நட்டின் முறுக்கு அளவைப் புத்தகத்தில் தேடி, அலகோடு குறித்து வாருங்கள். அளவு கிடைக்காதவர்கள் வெறும் தாளோடு வரலாம், சேர்ந்து தேடுவோம். ஊகித்து மட்டும் எழுதாதீர்கள்.