310 தோல்வியும் ஒரு ஃப்ரீ த்ரோவும்: கால்டெக் விளையாட்டு வரலாறு

கால்டெக் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ரிச்சர்ட் ஃபைன்மன் பாடம் நடத்திய இடம். நிலநடுக்கத்தை அளக்கும் ரிக்டர் அளவுகோல் பிறந்த இடம். 'தி பிக் பேங் தியரி' சீரியலில் ஷெல்டன் வேலை பார்க்கிற இடம். ஆனா அந்தக் கால்டெக்குக்கு ஒரு பாஸ்கெட்பால் டீம் இருக்கு என்பதும், அது தன் லீக்கில் தொடர்ந்து 310 மேட்ச் தோற்றது என்பதும் நம்மில் நிறைய பேருக்குத் தெரியாது.

1985-ல் ஒரு வெற்றி. அடுத்த வெற்றி 2011-ல். நடுவில் 26 வருஷம்.

இதைக் கேட்டு சிரித்துவிட்டுப் போகலாம். ஆனா ஒரு கேள்வி இருக்கு. இவ்வளவு தோற்ற பிறகும் டீமை ஏன் கலைக்கவில்லை? நல்ல பிளேயர்களுக்குக் கொஞ்சம் மார்க்கைத் தளர்த்தி சீட் கொடுத்திருந்தா பிரச்சினை தீர்ந்திருக்குமே, அதை ஏன் செய்யவில்லை? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

சின்ன காலேஜ், பழைய லீக்

கால்டெக், கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் 1891-ல் த்ரூப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. இப்போதுள்ள பெயர் 1920-ல் வந்தது. அதற்கு முன்பே, 1915-ல், தென் கலிஃபோர்னியாவின் சின்னக் கல்லூரிகள் ஐந்து சேர்ந்து ஒரு விளையாட்டு லீக்கைத் தொடங்கின. ஆக்ஸிடென்டல், பொமோனா, ரெட்லாண்ட்ஸ், விட்டியர், ஐந்தாவதாக த்ரூப். அதாவது இந்த லீக்கைத் தொடங்கியவர்களில் கால்டெக்கும் ஒன்று.

இங்கே 'வார்சிட்டி' என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரில், வெளிக் கல்லூரிகளோடு மோதும் அதிகாரப்பூர்வ டீம்தான் வார்சிட்டி. ஹாஸ்டலுக்குள் நடக்கும் போட்டியும், ஆர்வத்துக்கு ஆடும் கிளப்பும் இதில் சேராது. அமெரிக்காவில் வார்சிட்டி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதில் மூன்று டிவிஷன். முதல் இரண்டில் விளையாட்டுக்காகவே ஸ்காலர்ஷிப் தரலாம். மூன்றாவதில் தரக் கூடாது. கால்டெக் இருப்பது மூன்றாவதில்.

கால்டெக்கில் இளநிலை மாணவர்கள் மொத்தமே சுமார் ஆயிரம் பேர். நம்ம ஊர் பெரிய இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றில் ஒரே வருஷ அட்மிஷன் இதைத் தாண்டிவிடும். இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்ததே 1970-ல்தான். இந்த ஆயிரம் பேரிலிருந்துதான் பாஸ்கெட்பால், பேஸ்பால், நீச்சல், தடகளம் என்று எல்லா டீமும் வர வேண்டும். டீமின் பெயர் பீவர்ஸ். பீவர் என்பது மரத்தைக் கடித்து ஆற்றில் அணை கட்டும் பிராணி. இன்ஜினியர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்.

ஆரம்பத்திலிருந்தே இவர்கள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1954-ல் கால்டெக் பாஸ்கெட்பால் டீம் லீக் சாம்பியன். அதே 1954-ல்தான் கால்டெக் பேராசிரியர் லைனஸ் பாலிங்குக்கு வேதியியல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஃபுட்பால் கதை வேறு மாதிரி. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் உட்காரக்கூடிய ரோஸ் பௌல் மைதானம் பாசடீனாவில்தான் இருக்கிறது. கால்டெக் டீம் தன் சொந்த ஊர் மேட்ச் சிலவற்றை அங்கே, காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடியது. 1993-ல் ஃபுட்பால் நிறுத்தப்பட்டது. ஆனா டீம் சாதிக்காததைக் கேலரியில் சாதித்தார்கள். 1961 ரோஸ் பௌல் போட்டியில் வாஷிங்டன் பல்கலைக்கழக ரசிகர்கள் வண்ண அட்டைகளைத் தூக்கிப் பிடித்து எழுத்து காட்டுவதாக ஏற்பாடு. கால்டெக் பசங்க முன்கூட்டியே அந்தக் குறிப்புத் தாள்களை ரகசியமாக மாற்றிவிட்டார்கள். நாடு முழுக்க டி.வி.யில் தெரிந்த பெயர் 'கால்டெக்'. 1984-ல் அதே மைதானத்தின் ஸ்கோர்போர்டையே கைப்பற்றி, கால்டெக் 38, எம்.ஐ.டி. 9 என்று காட்டினார்கள். அன்று களத்தில் இருந்தது இந்த இரண்டு டீமுமே இல்லை!

310 என்பது கெட்ட நேரமா?

இப்போ கொஞ்சம் ப்ராபபிலிட்டி. ஒவ்வொரு மேட்சும் தனித்தனி நிகழ்வு என்று வைத்துக்கொள்வோம். ஒரு டீமுக்கு ஒரு மேட்சில் ஜெயிக்கும் வாய்ப்பு 5 சதவீதம் என்றால், தோற்கும் வாய்ப்பு 0.95. தொடர்ந்து 310 தோற்க, 0.95-ஐ 310 முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 80 லட்சத்தில் ஒன்று. அதாவது, வெறும் 5 சதவீத வாய்ப்பு உள்ள டீம்கூட இப்படித் தோற்காது.

வாய்ப்பை 1 சதவீதமாகக் குறைத்துப் பாருங்க. 0.99-ஐ 310 முறை பெருக்கினால் சுமார் 0.044. அப்பவும் 23-ல் ஒன்றுதான். ஆக, கால்டெக்கின் உண்மையான வாய்ப்பு ஒரு மேட்சுக்கு 1 சதவீதத்துக்கும் கீழே இருந்திருக்க வேண்டும். இது அதிர்ஷ்டக் கோளாறு இல்லை, அமைப்பிலேயே உள்ள காரணம். "அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம்" என்று சொல்லி இதைச் சரிசெய்ய முடியாது.

அமைப்புக் காரணம் என்ன? பிளேயர் என்பதற்காக அட்மிஷன் தரத்தைக் கால்டெக் தளர்த்துவதில்லை. அப்படி வந்து சேர்ந்தவர்களை வைத்துத்தான் டீம். 2005-06 சீசனைப் பற்றி 'குவாண்டம் ஹூப்ஸ்' என்று ஒரு ஆவணப்படம் 2007-ல் வந்தது. அந்த டீமில், பள்ளியில் பாஸ்கெட்பால் ஆடியவர்களைவிடப் பள்ளியில் படிப்பில் முதலிடம் பிடித்தவர்களே அதிகம். எதிர் டீமில் சின்ன வயதிலிருந்து பந்தும் கையுமாக வளர்ந்தவர்கள். இந்தப் பக்கம், பிராப்ளம் செட்டை முடித்துவிட்டு பிராக்டிஸுக்கு ஓடி வருகிறவர்கள்.

2007 ஜனவரி: ஒரே வாரத்தில் இரண்டு

இந்த வரலாற்றில் இரண்டு எண்ணிக்கை வரும், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று, லீக்குக்குள் தோற்ற 310. இன்னொன்று, மூன்றாம் டிவிஷனில் உள்ள எந்தக் கல்லூரியையும் ஜெயிக்காமல் போன 207. இரண்டாவது தொடர் முதலில் முடிந்தது. 2007 ஜனவரி 6-ஆம் தேதி பார்ட் கல்லூரியை 81-52 என்று கால்டெக் வென்றது. 1996-க்குப் பிறகு மூன்றாம் டிவிஷன் டீம் ஒன்றை அவர்கள் வென்றது அன்றுதான்.

சரியாக ஒரு வாரம் கழித்து, ஜனவரி 13. பெண்கள் டீம் 2002-ல்தான் லீக்கில் சேர்ந்தது. 50 மேட்ச் தொடர்ந்து தோற்றிருந்தது. அன்று பொமோனா-பிட்சர் டீமை 55-53 என்று தோற்கடித்து, லீக்கில் தன் முதல் வெற்றியைப் பெற்றது. அன்றைக்கு பெஞ்சில் கௌரவ கோச்சாக உட்கார்ந்திருந்தவர் ராபர்ட் கிரப்ஸ், 2005-ல் வேதியியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். நம்ம எச்.ஓ.டி. மேட்ச் பார்க்க வந்தாலே நமக்கு ஆச்சரியம். அங்கே நோபல்காரர் பெஞ்சில்!

2011 பிப்ரவரி 22

2008-ல் ஆலிவர் எஸ்லிங்கர் ஆண்கள் டீமுக்குக் கோச்சாக வந்தார். முன்பு எம்.ஐ.டி.யில் உதவிக் கோச்சாக இருந்தவர். அட்மிஷன் தரத்தில் யாரும் கை வைக்கவில்லை. அவர் மாற்றியது தேடும் முறையை. தன் மார்க்கிலேயே கால்டெக்கில் சீட் வாங்கக்கூடிய, அதே சமயம் பள்ளியில் ஒழுங்காக பாஸ்கெட்பால் ஆடிய பையன்கள் நாட்டில் எங்கோ சிலர் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, "இங்கே வாருங்கள்" என்று பேசிச் சம்மதிக்க வைப்பதுதான் வேலை. ஃபில்டர் அதேதான். ஃபில்டருக்கு வரும் இன்புட் மாறியது.

சீசனின் கடைசி மேட்ச், சொந்த ஜிம்மில், ஆக்ஸிடென்டல் கல்லூரியுடன். 1915-ல் கூடவே லீக்கைத் தொடங்கிய அதே ஆக்ஸிடென்டல். 3.3 விநாடி மிச்சம் இருக்கும்போது ரயன் எல்ம்குவிஸ்ட் ஒரு ஃப்ரீ த்ரோவைப் போட்டார். கால்டெக் 46, ஆக்ஸிடென்டல் 45. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த கடைசி வருஷ மாணவர், கல்லூரிக்காக ஆடிய கடைசி மேட்ச். கூட்டம் களத்துக்குள் இறங்கிவிட்டது.

46-45 என்ற ஸ்கோரைக் கவனிங்க. பாஸ்கெட்பாலில் இது குறைவு. பலவீனமான டீமுக்கு ஸ்கோர் குறைவான மேட்ச் நல்லதா? கணக்கு 'ஆமாம்' என்கிறது. ஒரு பாயின்ட்டை நீங்கள் எடுக்கும் வாய்ப்பு 45 சதவீதம் என்று வையுங்கள். 3 பாயின்ட் மட்டும் ஆடினால், பெரும்பான்மை உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 42 சதவீதம். 101 பாயின்ட் ஆடினால் அது சுமார் 16 சதவீதமாக விழுந்துவிடும். ஆட்டம் நீள நீள, பலமான டீமின் பலம் வெளியே வந்துவிடுகிறது. பெரிய டீமோடு மோதும்போது வேகத்தைக் குறைத்து, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடச் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

அடுத்து பேஸ்பால். 228 மேட்ச் தொடர்ந்து தோற்ற டீம், 2013 பிப்ரவரி 2-ஆம் தேதி பசிஃபிகா கல்லூரியை 9-7 என்று வென்றது. ஏறக்குறைய 10 வருஷத்தில் அதுதான் முதல் வெற்றி.

வெற்றியைத் தானே திருப்பிக் கொடுத்த கதை

இந்த வரலாற்றில் யாரும் சினிமா எடுக்காத பகுதி ஒன்று இருக்கிறது. அது 2012-ல் நடந்தது.

கால்டெக்கில் டெர்ம் தொடங்கியதும் முதல் மூன்று வாரம் மாணவர்கள் பல வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு பதிவு செய்யலாம். படிப்புக்கு நல்ல ஏற்பாடு. ஆனா என்.சி.ஏ.ஏ. விதிப்படி களத்தில் இறங்குகிறவர் அந்த நேரத்தில் முழுநேர மாணவராகப் பதிவாகியிருக்க வேண்டும். அந்த மூன்று வாரத்தில் சிலர் ஏட்டில் அப்படிப் பதிவாகாமலே ஆடியிருந்தார்கள். சில வருஷங்களில் 12 விளையாட்டுகளில் 30 மாணவர்கள். யாரும் காசு வாங்கவில்லை, யாருக்கும் கேள்வித்தாள் கசியவில்லை.

2011-ல் விளையாட்டுத் துறைக்கு இயக்குநராக வந்தவர் பெட்சி மிட்செல், ஒலிம்பிக் பதக்கம் வென்ற முன்னாள் நீச்சல் வீராங்கனை. இந்தத் தவறு தெரிய வந்ததும் கால்டெக் தானாகவே என்.சி.ஏ.ஏ.விடம் தெரிவித்தது. பதிலுக்குக் கிடைத்தது: பகிரங்கக் கண்டனம், மூன்று வருஷக் கண்காணிப்பு, 5,000 டாலர் அபராதம், அந்த 12 விளையாட்டுகளுக்கும் 2012-13-ல் சீசனுக்குப் பிந்தைய போட்டிகளில் தடை, தகுதியில்லாதவர்கள் ஆடிய மேட்சுகளின் வெற்றிகள் ரத்து.

வெற்றிக்காக ஏங்கிய ஒரு காலேஜ், கையில் இருந்த கொஞ்சத்தையும் இழக்கும் என்று தெரிந்தே போய்ச் சொன்னது. சொல்லாமல் விட்டிருந்தா யாருக்கும் தெரியாமலே போயிருக்கலாம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஒன்று. தோல்வி தொடர்ந்தால் முதலில் கணக்குப் போடுங்க. அது தற்செயலா, அமைப்பா என்று பிரித்துப் பாருங்க. அமைப்புக் கோளாறுக்கு உற்சாகப் பேச்சு மருந்து இல்லை.

இரண்டு. தரத்தைக் குறைப்பது மட்டுமே வழி இல்லை. கால்டெக் அட்மிஷன் கோட்டை நகர்த்தாமல், கோட்டுக்கு மேலே இருந்தவர்களைத் தேடியது. மெதுவான வழிதான், ஆனா வேலை செய்தது.

மூன்று. ஒரு டீம் எதற்கு இருக்கிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கோப்பைக்கு மட்டும் என்றால் 1990-லேயே கால்டெக் பாஸ்கெட்பாலை மூடியிருக்கலாம். மூடாததால், பள்ளியில் பந்தைத் தொடாத ஒரு பிசிக்ஸ் மாணவனும் பல்கலைக்கழக ஜெர்சி போட்டு ஆட முடிந்தது. 310 தோல்வியிலும் களத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். அந்த ஐந்து பேர் ஒவ்வொரு சீசனும் வந்து நின்றதால்தான், 2011-ல் எல்ம்குவிஸ்ட் ஃப்ரீ த்ரோ போட ஒரு டீம் மிச்சம் இருந்தது.

நம்ம காலேஜிலும் முதல் ரவுண்டிலேயே வெளியே வருகிற டீம் ஒன்றாவது இருக்கும். அடுத்த தடவை அவர்கள் மேட்ச் நடக்கும்போது கேலரிப் பக்கம் கொஞ்சம் போய் உட்காருங்க.