முதல் உழைப்பு: இளைஞருக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்



பரீட்சை முடிந்து பெறுபேறும் வந்தாயிற்று. மேற்படிப்புக்கு இடம் கிடைத்தவர்கள் போய்விட்டார்கள். மற்றப் பிள்ளைகளின் கதி என்ன? நம் பங்குகளில் பலர் வீட்டிலே காத்திருக்கிறார்கள். அரசாங்க உத்தியோகம் வரும் என்று சிலர். வெளிநாட்டிலுள்ள மாமா கூப்பிடுவார் என்று சிலர். மாதங்கள் வருடங்களாகின்றன. வளர்ந்த பிள்ளை பஸ் காசுக்கும் தாயிடமே கை நீட்டுகிறான். தாய் கொடுக்கிறாள்; தந்தை முகம் சுளிக்கிறார்; வீட்டில் சமாதானம் குலைகிறது. ஆகவே, சொந்த உழைப்பால் முதற் பணத்தைத் தேடுவது எப்படி என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

1. கைத்தொழில் இழிவானதா?

நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம் ஒன்றுண்டு. மேசையும் கதிரையும் உள்ள வேலைதான் உத்தியோகம். மற்றதெல்லாம் கூலி வேலை என்பதே அது. இவ்வெண்ணம் கிறிஸ்தவ எண்ணம் அன்று. நம் ஆண்டவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நாசரேத்தூரில் தச்சுப் பட்டறையிலே கழித்தார். புனித சின்னப்பர் கொரிந்து நகரிலே கூடாரம் செய்யும் தொழிலால் தம் செலவைத் தாமே பார்த்துக்கொண்டார். உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் உரிமை கேட்கலாகாது என்று தெசலோனிக்கருக்கு எழுதியவரும் அவரே. அவர் கண்டித்தது மனமில்லாதவனையே. வேலை கிடைக்காதவனை அல்ல என்பதையும் கவனிக்க.

பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ம் ஆண்டில் மே முதலாம் திகதியைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக்கினார். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981-ம் ஆண்டில் தொழிலைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலின் கருத்து இதுவே: வேலையின் மதிப்பு எந்த வேலை என்பதில் அல்ல, அதைச் செய்பவன் மனிதன் என்பதிலேயே தங்கியிருக்கிறது.

2. எதிலிருந்து தொடங்குவது?

கையில் இருப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். உங்களிடம் என்ன திறமை இருக்கிறது? வீட்டில் என்ன பொருள் இருக்கிறது? அயலவருக்கு எது தேவைப்படுகிறது? இம்மூன்று கேள்விகளையும் ஒரு கொப்பியில் எழுதி விடை தேடுங்கள். தையல் மெஷின் சும்மா இருக்கும் வீடுகள் எத்தனை! கிணறும் காணியும் உள்ள வீட்டில் கீரைப் பாத்தியும் கோழிக் கூடும் இல்லை. கரையோரக் கிராமங்களில் வள்ளத்து இயந்திரம் பழுதானால் திருத்துபவரைத் தேடித் தூரம் போகிறார்கள். கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரி சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம்.

திறமை ஒன்றும் இல்லை என்பவர் முதலில் தொழில் பழக வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்னிணைப்பு, குழாய் பொருத்துதல், மோட்டார் திருத்துதல், தச்சு முதலியன கற்று, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறலாம். பட்டறையிலே வேலை பழகியவரும், தக்க அனுபவம் இருந்தால், தம் திறமையைச் சோதிப்பித்து அதே சான்றிதழைப் பெற வழியுண்டு. பிற்காலத்தில் வெளிநாடு போக விரும்புபவருக்கும் அது உதவும். முகவரிடம் கொடுப்பதற்காகத் தாயின் தாலிக்கொடியை ஈடு வைக்குமுன், பிள்ளையின் கையில் ஒரு தொழிலைக் கொடுங்கள்.

3. முதல் வேறு, இலாபம் வேறு

சிறு தொழில்கள் பல ஆறு மாதத்தில் படுத்துவிடுவதற்குக் காரணம், பெரும்பாலும், கணக்கு வைக்காமையே. ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பெண் பலகாரம் செய்து விற்கிறாள் என வைத்துக்கொள்வோம். மா, எண்ணெய் முதலியவற்றுக்கு 1,200 ரூபா, விறகுக்கு 200, பைகளுக்கு 100, ஆக 1,500 ரூபா. 60 பைகளை 40 ரூபா வீதம் விற்றால் 2,400 ரூபா வரும். அவள் உழைத்தது 2,400 அன்று, 900 மாத்திரமே. மிகுதி 1,500 அடுத்த முறை மா வாங்குவதற்குரிய முதல். அதில் கை வைத்தால் அடுத்த வாரம் அடுப்பு எரியாது. அந்த 900-க்கும் ஆறு மணி நேரம் பாடுபட்டாளானால், மணிக்கு 150 ரூபா உழைத்திருக்கிறாள். இது போதுமா, விலையைக் கூட்டுவதா, செலவைக் குறைப்பதா என்பதை அவள் அப்போதுதான் தீர்மானிக்கலாம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

உறவினருக்குக் கடனாகக் கொடுத்தவற்றையும் அதே கொப்பியில் எழுதுங்கள். எழுதாத கடன் பணத்தையும் கெடுக்கும், உறவையும் கெடுக்கும்.

4. பிறரிடம் வேலை செய்யும்போது

இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021-ம் ஆண்டில் 16 ஆக உயர்த்தப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்தவரை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்தலாகாது. ஆகவே வறுமையைச் சாட்டிச் சிறு பிள்ளையின் படிப்பை நிறுத்த வேண்டாம்.

வேலையிற் சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 பங்கும், முதலாளியிடமிருந்து 12 பங்கும் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 பங்கு செலுத்த வேண்டும். இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. நீதியான கூலி தொழிலாளியின் உரிமை என்று பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-ம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். புனித தொன் பொஸ்கோவும் தூரின் நகரில் தம் பையன்களைத் தொழில் பழக அனுப்பியபோது, முதலாளிமாருடன் எழுத்திலே உடன்படிக்கை செய்தார். தொழிலைச் சரியாகக் கற்பிக்க வேண்டும், அடிக்கக் கூடாது, திருநாட்களில் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பன அதில் அடங்கின.

உரிமைக்கு ஈடாகக் கடமையும் உண்டு. நேரத்துக்குப் போதல், சொன்ன நாளில் வேலையை முடித்தல், பிறர் பொருளைத் தொடாமை: இவையே இளம் தொழிலாளியின் நற்சான்றுப் பத்திரம்.

5. உழைத்த பணம் யாருடையது?

முதற் சம்பளத்தை முழுவதும் பெற்றோர் வாங்கிக்கொள்வதும் சரியன்று. பிள்ளை முழுவதையும் தானே செலவழிப்பதும் சரியன்று. ஒரு பங்கு வீட்டுக்கு. ஒரு பங்கு சேமிப்புக்கு. ஒரு பங்கு தொழிற் கருவிகளுக்கு. ஒரு பங்கு சொந்தச் செலவுக்கு. தன்னிலும் வறியவருக்குச் சிறிதேனும் ஒதுக்க வேண்டும். சேமிப்பு வங்கியிலோ, சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திலோ பிள்ளையின் பெயரிலேயே கணக்கு இருக்கட்டும். பெண்பிள்ளை உழைத்ததும் அவளுடைய உழைப்பே. தமையனின் செலவுக்குரிய பணம் அன்று.

பணம் வருகிறதென்று ஞாயிறு பூசையை விட்டுவிட வேண்டாம். பணம் நமக்கு ஊழியம் செய்யட்டும். நாம் அதற்கு ஊழியம் செய்ய வேண்டாம்.

வீட்டில் கலந்து பேச:

(அ) நம் பிள்ளை எந்தத் தொழிலைச் செய்தால் நாம் வெட்கப்படுவோம்? ஏன்?

(ஆ) நம் வீட்டில் பயன்படாமல் கிடக்கும் கருவி, காணி, திறமை எவை?

(இ) நம்மிடம் வேலை செய்பவருக்கு நாம் நீதியான கூலி கொடுக்கிறோமா?

இன்றிரவு செபமாலை முடிந்ததும் இக்கேள்விகளைப் பிள்ளைகளோடு பேசுங்கள். அவர்கள் சொல்வதையும் பொறுமையாகக் கேளுங்கள். உழைப்பாளியான சூசையப்பர் உங்கள் இல்லத்துக்குத் துணை நிற்பாராக.