கொதிக்க வைத்தாலும் நீங்காத நஞ்சு

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நோய்க்கிருமிகள் மடியும். ஆனால் நீரில் கரைந்துள்ள ஆர்சனிக் என்னும் நச்சுத் தனிமம் நீங்காது. நீர் ஆவியாகிக் குறைவதால், எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். இதற்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. பரிசோதனையாலேயே அறிய இயலும்.

இதற்கு வங்காளம் பெரும் சான்றாகும். குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கைத் தடுக்க, 1970-களில் வங்கதேசத்தில் யூனிசெஃப் துணையுடன் குழாய்க் கிணறுகள் பெருமளவில் அமைக்கப்பட்டன. கிருமியற்ற நீர் கிடைத்தது. ஆனால் அதில் ஆர்சனிக் இருந்ததை அன்று எவரும் சோதிக்கவில்லை. மேற்கு வங்க நோயாளிகளிடம் இந்நோயை 1983-இல் கொல்கத்தாவின் தோல்நோய் மருத்துவர் கே. சி. சாஹா கண்டறிந்தார். இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலில் இரும்புத் தாதுக்களோடு ஒட்டியிருந்த ஆர்சனிக், ஆக்சிஜன் குறைந்த மண்ணடுக்குகளில் பிரிந்து நீரில் கலந்ததே காரணம்.

அறிகுறிகள்

இந்நீரை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ பருகியோரின் மார்பிலும் முதுகிலும் மழைத்துளி போன்ற கரும்புள்ளிகளும் வெளிர் புள்ளிகளும் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சொரசொரப்பாகும். நாளடைவில் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாகலாம். இது தொற்றுநோயன்று. எனினும் தொழுநோய் என அஞ்சிச் சுற்றத்தாரால் ஒதுக்கப்பட்டோர் உண்டு. அந்த ஒதுக்குதல் நோயினும் கொடிது.

செய்ய வேண்டியவை

உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அளவு மிகுந்திருப்பின், அந்நீரைப் பருகுவதையும் அதில் சமைப்பதையும் உடனே நிறுத்துதலே முதல் மருத்துவம். குளிக்கவும் துணி துவைக்கவும் அதனைப் பயன்படுத்தலாம். தொடக்க நிலையிலேயே நீரை மாற்றினால் தோல் மாற்றங்கள் ஓரளவு குறையக்கூடும். புற்றுநோய் அபாயமோ பல ஆண்டுகள் நீடிக்கும். ஆதலின் தொடர் பரிசோதனை தேவை.

தமிழகத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் மிகுந்துள்ள ஃபுளோரைடும் இத்தகையதே. பற்களில் பழுப்புக் கறையும் எலும்பு, மூட்டு வலியும் உண்டாக்கும் அதுவும் கொதிக்க வைப்பதால் நீங்காது. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பி வாழ்வோர், அதனைக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒருமுறையேனும் சோதித்தறிக. முடிவு கிடைத்ததும், மருத்துவரைக் காண வரும்போது அத்தாளையும் உடன் கொண்டு வருக.