தானமாய் வரும் டாரட் நூல்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எங்கள் வடசென்னை மாத்தூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டுப் பெரியவர் காலமாகி, கருமாதியெல்லாம் முடிந்த பிறகு பரணில் கிடக்கும் அவருடைய புத்தகங்களை இறக்கும்போது, இராமாயணமும் திருவாசகமும் பூஜையறைக்குப் போகின்றன. பழைய பாடப்புத்தகங்கள் காயலாங்கடைக்குப் போகின்றன. ஆனால், அந்தக் காலத்து மூர் மார்க்கெட்டில் அவர் பேரம் பேசி வாங்கிய, அட்டையில் எலும்புக்கூடும் தலைகீழாய்த் தொங்கும் மனிதனும் அச்சிட்ட ஆங்கில டாரட் நூல் ஒன்று வெளிப்பட்டால் மாத்திரம் எல்லோருடைய கையும் சற்றே தயங்குகிறது. இது பில்லி சூனியப் புத்தகம், வீட்டில் வைத்தால் ஆகாது, பிறருக்குத் தானம் கொடுத்தாலும் தோஷம் ஒட்டிக்கொள்ளும், கொளுத்திவிடுவதே உத்தமம் என்று யாராவது ஒருவர் சொல்ல, மற்றவர்களும் தலையசைத்துவிடுகிறார்கள். கொளுத்துவதற்கு முன் விசாரிக்க வேண்டிய சில விருத்தாந்தங்கள் உண்டு.

டாரட் என்பது எகிப்து தேசத்துப் பூசாரிகள் பிரமிடுகளின் காலத்தில் சித்திரமாய் எழுதி வைத்த ஞானம் என்பது, அதை அஞ்சுகிறவர்களும் ஆராதிக்கிறவர்களும் ஒருமனதாய் நம்புகிற விஷயம். உண்மையில் அது சீட்டாட்டம். 15ஆம் நூற்றாண்டில், 1440களையொட்டி, வட இத்தாலியில் மிலான், பெராரா முதலிய இடங்களின் பிரபுக்கள் தங்கத் தகடு பதித்து எழுதுவித்த சீட்டுகளே இன்று கிடைக்கும் மிகப் பழைய டாரட். விஸ்கொந்தி, ஸ்போர்சா குடும்பங்களின் பெயரால் வழங்கும் அவற்றுள் ஒரு பகுதியை நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இன்றும் காணலாம். 78 சீட்டுகளில் 56 சாதாரண ஆட்டச் சீட்டுகள். எஞ்சிய 22, மற்றவற்றை வெட்டுவதற்கென்று சேர்த்த துருப்புச் சீட்டுகள். அவற்றை வைத்து ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் ஐரோப்பியர் ஆடினார்கள். பிரான்சில் இன்னும் ஆடுகிறார்கள்.

எகிப்து எங்கிருந்து வந்தது? பாரிஸ் நகரத்தில் ஒரு மாளிகைக் கூடத்தில் சீமாட்டி ஒருத்தி அந்தச் சீட்டுகளை ஆடிக்கொண்டிருக்கக் கண்ட கூர் தெ ஜெபலேன் என்ற பாதிரியார், பார்த்த மாத்திரத்திலேயே இவை எகிப்தியரின் மறைநூல் என்று தீர்மானித்து, 1781இல் வெளிவந்த தமது பெருநூலின் எட்டாம் சம்புடத்தில் அதை எழுதியும் வைத்தார். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷாம்போலியன் படித்துக் காட்டியதோ 1822இல். ஆகவே, எகிப்திய லிபியில் ஓர் எழுத்தைக்கூட வாசிக்க அறியாத காலத்தில் பிறந்த எகிப்திய வியாக்கியானம் இது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சீட்டாட்டமே ஐரோப்பாவுக்குள் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுழைந்தது மம்லுக் சுல்தான்கள் ஆண்ட எகிப்தின் வழியாகத்தான். அவர்களுடைய கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை என்னும் நான்கு சின்னங்களில், போலோவை அறியாத இத்தாலியர் மட்டையைக் கோலாக்கிக்கொண்டார்கள். இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் அத்தகைய மம்லுக் கட்டு ஒன்று இருக்கிறது. எகிப்திலிருந்து வந்தது பொழுதுபோக்கு. ஞானம் பாரிஸில் சேர்த்த சரக்கு.

இனி, குறி சொல்லும் சீட்டைக் காசு கொடுத்து வாங்கலாகாது, ஒருவர் தானமாய்க் கொடுத்தால்தான் வாக்குப் பலிக்கும் என்கிறார்களே, அதற்கும் ஆதாரம் இல்லை. அச்சு வந்த நாள்முதல் சீட்டு கடைச்சரக்கு. பிரான்சில் அரசாங்கம் அதன்மேல் வரி விதித்து முத்திரையும் குத்தியது. சீட்டு வைத்துக் குறி சொல்வதை 1780களில் ஒரு தொழிலாக்கிய எத்தெய்யா அதற்கென்று தனிக் கட்டே வெளியிட்டு விற்றார். இன்று உலகெங்கும் பரவியுள்ள கட்டு, 1909 டிசம்பரில் லண்டன் ரைடர் கம்பெனி வெளியிட்டது, எழுத்து ஏ. இ. வெய்ட், சித்திரம் பமேலா கோல்மன் ஸ்மித். இத்தனை சித்திரங்கள் எழுதியதற்குக் கிடைத்த காசு மிகச் சொற்பம் என்று அந்த அம்மையாரே ஒரு கடிதத்தில் குறைப்பட்டிருக்கிறார். பதின்மூன்றாம் சீட்டு எழுந்தால் சாவு நிச்சயம் என்று நடுங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: குறி சொல்லுகிறவர்களே அதை ஒரு நிலை முடிந்து மறுநிலை தொடங்குவதாகத்தான் விளக்குகிறார்கள். ஆட்டக்காரர்களுக்கோ அது வெறும் துருப்பு.

இத்தகைய நூல்களை ஏற்று வைத்திருக்கும் நூலகம் மாந்திரீகத்தை ஆதரிக்கிறது என்று எண்ணுவோருக்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. வடசென்னையிலிருந்து நகரத்தைக் குறுக்காகக் கடந்து அடையாற்றுக்குப் போனால், பிரம்மஞான சபையின் தோட்டத்துக்குள், அச்சபையை நிறுவியவர்களுள் ஒருவரான கர்னல் ஆல்காட் 1886 டிசம்பரில் தம் சொந்தப் புத்தகங்களையும் கொடுத்து ஸ்தாபித்த அடையாறு நூலகத்தைக் காணலாம். அதன் திறப்பு விழாவில் ஹிந்து, பௌத்த, பார்ஸி, முஸ்லிம் மத ஆசாரியர்கள் ஒரே மேடையில் ஆசி கூறினார்கள். அன்பர்கள் வழங்கியும் பண்டிதர்கள் தேடியும் சேர்ந்த ஓலைச்சுவடிகளே அதன் பெரும் கீர்த்திக்குக் காரணம். 1937 முதல் அது வெளியிட்டுவரும் ‘பிரஹ்மவித்யா’ ஏட்டைப் புரட்டினால் பேயோட்டும் மந்திரமன்று, பாட பேத ஆராய்ச்சியே கிடைக்கும். மேனாட்டு மறைஞானிகளுக்கும் அந்தத் தோட்டத்துக்கும் உறவு இல்லாமலில்லை: டாரட்டைப் பற்றிச் சிறு நூல் எழுதிய ருஷ்யரான உஸ்பென்ஸ்கி முதல் உலகப் போருக்குச் சற்று முன் அங்கே வந்து தங்கினார். உ. வே. சாமிநாதையர் மறைந்தபின் அவர் சேர்த்த சுவடிகளுக்காக ருக்மிணி தேவி 1943இல் நூலகம் தொடங்கியதும் அந்த அடையாற்றிலேதான். ஒரே மண்ணில் சங்கத்தமிழ்ச் சுவடியும் மேனாட்டு மறைஞானமும் அடைக்கலம் பெற்றதனால் எதற்கும் எந்தத் தீட்டும் நேர்ந்துவிடவில்லை.

லண்டனில் இன்னும் தெளிவான உதாரணம் உண்டு. ஆவிகளோடு பேசுவதாய்ச் சொன்ன பலருடைய புரட்டை அம்பலப்படுத்திய ஹாரி பிரைஸ் என்பவரே மந்திர தந்திர நூல்களைப் பல்லாயிரமாய்ச் சேர்த்து லண்டன் சர்வகலாசாலைக்கு விட்டுச்சென்றார். ஆம்ஸ்டர்டாமின் ரிட்மன் நூலகத்து மறைஞானச் சுவடிகளை எண்மமாக்க 2016இல் 3,00,000 யூரோ கொடுத்த டான் பிரௌன் கதை எழுதுகிறவர், சூனியக்காரர் அல்லர். நம்பாதவனுக்கும் இந்த நூல்கள் வேண்டும். ஒரு கூற்று எந்த ஆண்டில், யாருடைய பேனாவில் பிறந்தது என்பதை நூலைப் பார்க்காமல் எப்படி நிரூபிப்பது? பாதிரியாரின் எட்டாம் சம்புடத்தை எவரேனும் எரித்திருந்தால், எகிப்துக் கதை பிறந்த இடத்தைக் காட்டுவது அரிதாகியிருக்கும்.

வீட்டில் வைத்தால் கேடு என்பதில் மாத்திரம் ஓரளவு உண்மை உண்டு, கேடு புத்தகத்துக்கு. எண்ணூர் முதல் ராயபுரம் வரை உப்புக்காற்று படியும் இந்தப் பிரதேசத்தில், ஈரம் ஏறிய அட்டையில் பூஞ்சை பிடிக்கிறது. இராமபாணப் பூச்சி பசையையும் தாளையும் அரித்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஊசி நுழையும் துளையைப் போட்டுவிடுகிறது. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்தால் தரையில் வைத்த பெட்டி ஊறிப்போகிறது.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். இப்படி ஒரு பெட்டி உங்கள் வீட்டில் இறங்கினால், நிழலில் காற்றாட வைத்துத் தூசு தட்டி, நூலின் பெயர், ஆசிரியர், ஊர், ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். முன்பக்கத்துக் கையெழுத்தையும், ஓரத்தில் பெரியவர் பென்சிலால் எழுதிய குறிப்பையும், உள்ளே செருகிய ரசீதையும் தயவுசெய்து கிழிக்காதீர்கள்; யார், எப்போது, எதற்காகப் படித்தார் என்பதற்கு அவைதாம் சாட்சி. பெட்டியை நூலக வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பாமல், முதலில் அந்தப் பட்டியலை அனுப்பி, எடுத்துக்கொள்வீர்களா என்று ஒரு நூலகத்தைக் கேளுங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறவர்கள் நாம்; கேட்கும் உரிமை நமக்கு உண்டு.