ஒற்றைக் காம்பராவில் அறைவீடு எங்கே?

கேள்வி:

அக்கா, நான் நானுஓயாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வயது முப்பத்தாறு. வீட்டுக்காரருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதம் ஒரு தடவை வருவார். பெரியவன் ஏழாம் ஆண்டு, சின்னவள் மூன்றாம் ஆண்டு. மாமியாருக்கு எழும்பி நடக்க முடியாது.

காலையில் நாலரைக்கு எழும்பி, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஏழரைக்கு மலையில் நிற்க வேண்டும். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள். கடைசி நிறுவை முடிந்து, விறகும் கட்டிக்கொண்டு வீடு வர ஐந்தரை ஆகிவிடும். அதன்பிறகு சமையல், மாமியார், பிள்ளைகளின் பாடம். படுக்கும்போது வேதாகமத்தைத் திறப்பேன். நாலு வரி வாசிப்பதற்குள் கண் சொருகிவிடும்.

போன மாதம் எங்கள் பக்கம் நடந்த உபவாசக் கூட்டத்துக்கு வந்த ஓர் ஊழியர், தினமும் ஒரு மணி நேரமாவது ஜெபிக்காதவர்கள் வீட்டில் ஆசீர்வாதம் தங்காது என்றார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. பெரியவனுக்குக் காய்ச்சல் வந்தபோது, நான் ஜெபிக்காததால்தானோ என்று பயந்துபோனேன். சமைக்கும்போது போனில் பிரசங்கம் கேட்கிறேன். அது ஜெபத்தில் சேருமா? பக்கத்துக் காம்பரா அக்கா கத்தோலிக்கர், கொழுந்து பறித்துக்கொண்டே ஜெபமாலை சொல்கிறார். எங்கள் சபையில் அந்த வழக்கமில்லை. எனக்கு நேரமும் இல்லை, தனியாக உட்கார ஓர் இடமும் இல்லை. என்ன செய்வது?

– பெயர் வேண்டாம், நானுஓயா

பதில்:

தங்கச்சி, முதலில் அந்தக் காய்ச்சல். உங்கள் மகனுக்குக் காய்ச்சல் வந்தது நீங்கள் ஜெபிக்காததால் அல்ல. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது, பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் நோயையும் தாயின் ஜெபத்தையும் முடிச்சுப் போடுகிற பேச்சை ஆண்டவரே அன்றைக்கு நிறுத்திவிட்டார். அதை யார் மேடையேறி மறுபடி தொடங்கினாலும் நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை காய்ச்சல் வந்தால் மருந்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். போகிற வழியில் ஜெபியுங்கள்.

அந்த ஒரு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. கெத்செமனே தோட்டத்தில் ஒரு மணி நேரம் விழித்திருக்கக் கூடாதா என்று ஆண்டவர் பேதுருவிடம் கேட்டார் அல்லவா, அதிலிருந்துதான். ஆனால் அது, சாவு நெருங்கிய ஓர் இரவில், துயரம் தாங்காமல் நண்பர்களிடம் கேட்ட துணை. ஒவ்வொரு வீட்டுக்கும் நாளாந்தம் விதித்த வரி அல்ல. கேட்ட அதே மூச்சில், அவர்களுடைய மனசு தயாராக இருக்கிறது, உடம்புதான் முடியாமல் கிடக்கிறது என்று அவரே அவர்களுக்காகப் பரிந்தும் பேசிவிட்டார். ஜெபிக்கக் கற்றுத்தாருங்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிஷம் ஆகாது.

அரைப்பேர் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை வாசித்ததும் எனக்கு மத்தேயு இருபதாம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்டம் நினைவுக்கு வந்தது. பட்டணத்துச் சபைகளில் அந்த உவமையை விளக்க வேண்டியிருக்கும். நம் ஆட்களுக்கு விளக்கமே தேவையில்லை. விடியற்காலையில் பிரட்டுக்கு வந்தவர்களும் இருந்தார்கள், வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்து சேர்ந்தவர்களும் இருந்தார்கள். சம்பளம் கொடுக்கும்போது எல்லாருக்கும் முழுப் பேர். காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் அந்தத் தோட்டக்காரர் கிலோ பார்க்கிறவர் அல்லர். நீங்கள் நாள் முழுக்க நிறுத்துக் கொடுத்தே பழகிவிட்டீர்கள், அதனால் ஜெபத்தையும் தராசில் வைக்கிறீர்கள். ஆண்டவரிடம் அரைப்பேர் கிடையாது தங்கச்சி.

அடுத்தது தூக்கம். எலியா தீர்க்கதரிசி ஓடிக் களைத்து, இனி முடியாது, சாகவேண்டும் என்று ஒரு சூரைச்செடியின் கீழே படுத்துத் தூங்கிப்போனார். தேவதூதன் வந்து தட்டி எழுப்பினான். எதற்கு? ஜெபிக்கச் சொல்லி அல்ல, சாப்பிடச் சொல்லி. தணலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு அவர் திரும்பவும் படுத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பாடுதான் கொடுத்தான். மலையில் ஆண்டவர் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு. களைத்தவனுக்கு முதலில் தூக்கமும் ரொட்டியும் கொடுத்த தேவன், நாலரைக்கு எழும்பிய பெண் ஒன்பது மணிக்குக் கண் சொருகினால் கோபிப்பாரா? பைபிளை மூடிவிட்டுப் படுங்கள். நாளின் கடைசிச் சொட்டுப் பலத்தில் ஜெபத்தை வைத்திருப்பதுதான் பிழை. அதை வேறு இடத்துக்கு மாற்றவேண்டும்.

எந்த இடத்துக்கு? இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன்.

நானும் லயத்தில் பிறந்தவள்தான், ஹட்டன் பக்கம். ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, ஏழு பேர். ஜெபம் பண்ணும்போது அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்று ஞாயிறு பாடசாலையில் சொல்லிக்கொடுத்தபோது, எங்களுக்கு அறைவீடு இல்லையே, அப்படியானால் எங்கள் ஜெபம் போய்ச் சேராதோ என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டேன். வெகு காலத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல் தமெய்யோன். தானியமும் சாமானும் போட்டு வைக்கிற களஞ்சிய அறை என்பது அதன் பொருள். கலிலேயாவின் ஏழைக் குடும்பங்களும் பெரும்பாலும் ஒற்றை அறையில்தான் இருந்தன. ஆண்டவர் அதைச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் பாதிப்பேருக்கு மேல் நம்மைப்போலக் கதவுள்ள தனியறை இல்லாதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். பிறர் பார்க்க ஜெபிக்காதே என்பதுதான் அங்கே பேச்சு. கட்டட அளவு அல்ல.

ஆண்டவருக்கும் அறைவீடு இருக்கவில்லை. ஜெபிக்க வேண்டும் என்றால் அவர் என்ன செய்தார்? லூக்கா ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள், மாற்கு ஆறாம் அதிகாரத்தையும் பாருங்கள். மலைக்குப் போனார். நாம் வேலைக்குப் போவதை என்னவென்று சொல்கிறோம்? மலைக்குப் போகிறேன் என்கிறோம். நூற்றைம்பது வருஷமாக நம் ஆட்கள் வாயில் புழங்குகிற சொல் இது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்கிற மலையும் திங்கட்கிழமை நாம் ஏறுகிற மலையும் வேறு வேறு என்று யாரோ நமக்கு எண்ணப் பழக்கிவிட்டார்கள்.

என் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். இடுப்பில் படங்கைக் கட்டும்போது ஒரு ஜெபம் சொல்வார்: "ஆண்டவரே, இன்னைக்கு காலு வழுக்காம, குளவி கலையாம, புள்ளைங்க பத்திரமா..." முடிச்சு இறுகும்போது ஜெபமும் முடிந்துவிடும். நிறையில் இறங்கும்போது ஒன்று, கூடையைக் கொட்டும்போது ஒன்று. அட்டை கடித்தால்கூட ஆண்டவரே என்றுதான் தொடங்குவார். அதை ஜெபம் என்று அவரே நினைக்கவில்லை. ஐயர் வந்து ஜெபித்தால்தான் ஜெபம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இந்த ஊழியத்தில் இத்தனை வருஷம் இருந்தபின், எனக்குத் தெரிந்த ஜெபங்களில் மிக நேர்மையானது அந்தப் படங்கு முடிச்சு ஜெபம் என்றுதான் சொல்வேன்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை இது. ஒரு நாளில் எத்தனை தடவை கொழுந்து நிறுக்கிறார்கள்? பெரும்பாலும் மூன்று. தானியேலும் நாளுக்கு மூன்று தடவைதான் முழந்தாளிட்டார். கத்தோலிக்கர்களின் திரிகால ஜெபமும் காலை, நண்பகல், மாலை என்று மூன்றுதான். அந்த மூன்று நிறுவைக்கும் வரிசையில் நிற்கிறீர்கள் அல்லவா, அந்த நேரத்தை ஜெபத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். காலை நிறுவையில் பிள்ளைகள் இருவரும். மத்தியான நிறுவையில் வீட்டுக்காரரும் மாமியாரும். கடைசி நிறுவையில் உங்களோடு நிற்கிற பெண்களில் ஒருத்தி, ஒவ்வொரு நாளும் வேறு ஒருத்தி, அவளுக்குத் தெரியவேண்டியதில்லை. கண்ணை மூடவேண்டாம், வாய் அசையவேண்டாம். சரிவில் நிற்கும்போது மட்டும் கவனம் காலில் இருக்கட்டும். நீண்ட ஜெபத்துக்கு அது இடமல்ல, குளவிக்கூடு இருக்கிற மரத்தையும் பார்க்கவேண்டும்.

உங்கள் பக்கத்துக் காம்பரா அக்காவின் ஜெபமாலையும் அப்படிப் பிறந்ததுதான். மடங்களில் துறவிகள் 150 சங்கீதங்களை ஓதினார்கள். வாசிக்கத் தெரியாத உழவர்களும் வேலையாட்களும் அதற்கு ஈடாக 150 சிறு ஜெபங்களை மணி உருட்டிச் சொன்னார்கள். வேலை செய்கிற கைக்காக வந்த வழி அது. உங்கள் சபை வழக்கம் வேறு என்றால் மணி வேண்டாம்; அந்த அக்காவிடமிருந்து வழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தீவில் ஜெபம் எப்படிப் பிழைத்தது என்றும் ஒரு வார்த்தை. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள். 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து சேரும்வரை கிட்டத்தட்ட முப்பது வருஷம் அந்த மக்களுக்குக் குருவானவர் இல்லை, பூசை இல்லை. வீட்டுக்குள் தாயும் தகப்பனும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபம்தான் இருந்தது. அவர் வந்து பார்த்தபோது விசுவாசம் அங்கே இன்னும் இருந்தது. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தபோது, எனக்கு அந்தப் பெயர் தெரியாத வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. நம் மலையகக் கதையும் அப்படித்தான். நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல். அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே, கோப்பிக் காலத்தில், 1854இல் தொடங்கிய கூலி மிஷனின் உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து நம் ஆட்களின் பின்னாலேயே வந்து, தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். வேலை செய்கிற இடத்தைத் தேடி ஜெபம் நடந்து வந்தது.

போன் பிரசங்கம் பற்றிக் கேட்டீர்கள். கேளுங்கள், நல்லது. ஆனால் அது இன்னொருவர் பேசுவதை நீங்கள் கேட்பது. வீட்டுக்காரர் போன் எடுக்கும்போது அவர் பேசுவதை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவீர்களா? அடுப்படியில் கடைசி ஐந்து நிமிஷம் போனை நிறுத்தி வையுங்கள். விறகு எரிகிற சத்தத்தில் நீங்கள் பேசுங்கள். பேச ஒன்றும் வராவிட்டால் சும்மா இருங்கள், அதுவும் போதும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது உங்களுக்கு மட்டுமல்ல. ஒரு வீட்டின் ஜெபத்தை ஒரு பெண்ணின் தலையில் மட்டும் கூடைக்கயிறு மாதிரி மாட்டிவிடக் கூடாது. உங்கள் மாமியாருக்கு நடக்க முடியாது, ஆனால் நேரம் இருக்கிறது. யாருக்கும் பிரயோசனம் இல்லாமல் கிடக்கிறேனே என்ற வேதனை அவருக்கு நிச்சயம் இருக்கும். காலையில் புறப்படும்போது, "அத்தை, நாங்க நிறுக்கப் போற நேரத்துல எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். வீட்டுக்காரர் இரவில் போன் எடுக்கிற வழக்கமிருந்தால், வைப்பதற்குமுன் ஸ்பீக்கரில் போட்டு, அவர் கொழும்பிலிருந்து இரண்டு வரி ஜெபிக்கட்டும். தகப்பன் ஜெபிப்பதைக் கேட்காமலே வளர்கிற பிள்ளைகள் நம் லயங்களில் அதிகம்; சம்பளத்துக்காக வீட்டைப் பிரிந்திருக்கிற ஆண்களுக்கும் அந்த இரண்டு வரி தேவை. தண்ணீர் பிடிப்பதைப் பெரியவன் செய்யட்டும். பன்னிரண்டு வயதுப் பையன் பீலிக்குப் போனால் உங்களுக்குக் காலையில் கால் மணி நேரம் கிடைக்கும். அதில் பத்து நிமிஷம் கூடத் தூங்குங்கள், ஐந்து நிமிஷம் இஸ்தோப்பில் நின்று பனி கலைவதைப் பார்த்துக்கொண்டு ஆண்டவரிடம் பேசுங்கள்.

கொழுந்து அதிகமாக வருகிற மாதங்களில் ஞாயிறும் வேலைக்குக் கூப்பிடுவார்கள். ஒன்றரை நாள் சம்பளம் என்னும்போது போகாமல் இருப்பது லேசல்ல, தெரியும். கடன் இருக்கிற வீட்டுக்கு நான் எளிதாகப் புத்தி சொல்லமாட்டேன். எல்லா ஞாயிறையும் கொடுத்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். மாதத்தில் இரண்டையாவது வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போக மட்டுமல்ல, உடம்பைக் கிடத்தவும்தான்.

இரவு ஜெபத்தைப் பெரியவனிடம் ஒப்படையுங்கள். பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற பிள்ளை, நாலு வசனம் வாசித்து அவன் பாஷையில் ஜெபிக்கட்டும். முதல் வாரம் வெட்கப்படுவான், பிறகு சரியாகிவிடும். நீங்கள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருங்கள். பாதியிலேயே அம்மா தூங்கிப்போனால் எழுப்பவேண்டாம், ஜெபத்தை முடித்துவிட்டுப் போர்வையை இழுத்து விடு என்று அவனிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.