நார்ச்சத்தும் குடல்வாழ் நுண்ணுயிரும்

உணவைப் பற்றி நம் முன்னோர் இருவகையாற் பேசியுள்ளனர். எவ்வளவு உண்ணல் வேண்டும் என்பது ஒன்று. எதனை உண்ணல் வேண்டும் என்பது மற்றொன்று. திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் முன்னதனையே பெரிதும் வற்புறுத்தினார். பின்னதனைப் பற்றி மாங்குடி கிழார் புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் கூறுங்கால், வரகு, தினை, கொள்ளு, அவரை என்னும் நான்கனையே உணவாக எண்ணுகின்றார். இவற்றுள் இரண்டு தானியம், இரண்டு பயறு. நான்கும் நார்ச்சத்து உடையவை. புலவர் உடல்நூல் அறிந்து இதனைப் பாடினார் எனக் கொள்ளல் பொருந்தாது; தம் காலத்து வன்புலம் விளைத்ததனையே அவர் பாடினார். ஆயினும், அவ்வுணவினின்றும் நாம் நெடுந்தொலைவு வந்துவிட்டோம். அதனால் நம் உடலுக்கு நேர்ந்தது யாது என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நார்ச்சத்தாவது யாது? தாவர உணவில், சிறுகுடலின் செரிமான நீர்களால் கரைக்கப்படாது எஞ்சி நிற்கும் பகுதியே நார்ச்சத்து எனப்படும். தானியத்தின் தவிடு, பயற்றின் தோல், கீரையின் தண்டு ஆகியவற்றில் இருப்பது கண்ணுக்குப் புலனாகும். கொய்யாவிலுள்ள பெக்டினும், சின்ன வெங்காயத்திலுள்ள இனுலினும் கண்ணுக்குப் புலனாகா. எனினும் அவையும் இவ்வினத்தனவே. நெடுங்காலம் மருத்துவ உலகம் இதனைச் சக்கை என்றே கருதிற்று. உடலுக்குள் ஏறாத பொருளால் உடலுக்கு என்ன பயன் என்பது அக்காலத்தார் வினா. உகாண்டா நாட்டில் பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட் என்னும் அறுவை மருத்துவர், மேல்நாட்டில் மலிந்திருந்த குடல்நோய் பலவும் ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் அருகியிருத்தலைக் கண்டு, உணவின் நாரே வேறுபாட்டிற்குக் காரணமாகலாம் என 1970-களில் எடுத்துரைத்தார். அதன் பின்னரே உலகம் சக்கையைத் திரும்பிப் பார்த்தது.

அச்சக்கை சென்று சேருமிடம் பெருங்குடல். ஏறத்தாழ 5 அடி நீளமுள்ள அக்குழாயே நுண்ணுயிர்களின் பேரூர். ஒரு மனிதன் உடலில் வாழும் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 லட்சம் கோடி என 2016-இல் அறிஞர் கணக்கிட்டனர். அவற்றுள் மிகப் பெரும்பாலன பெருங்குடலிலேயே உறைகின்றன. நாம் செரிக்கமாட்டாத நாரை அவை செரிக்கின்றன. தோசை மாவு புளிப்பதுபோல் நாரும் அங்கே புளிக்கின்றது. அப்புளிப்பினால் அசிட்டிக் அமிலம், புரோப்பியானிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் என்னும் மூன்று கொழுப்பமிலங்கள் பிறக்கின்றன. எனவே, நாம் உண்ணும் உணவில் ஒரு பகுதி நமக்கன்று. நம்முள் வாழும் அவ்விருந்தினர்க்கே உரியது. அவர்கள் உண்டு தரும் பொருளோ மீண்டும் நமக்கே பயன்படுகின்றது.

இவ்வமிலங்களின் ஆற்றலைத் தெளிவுறக் காட்டிய ஆராய்ச்சியொன்று நம் தமிழகத்திலேயே நிகழ்ந்தது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவமனை இன்று பெரியதொரு மருத்துவக் கல்லூரியாக விளங்குகின்றது. அங்கே பி. எஸ். ராமகிருஷ்ணா முதலியோர் வாந்திபேதி நோயாளரை ஆராய்ந்தனர். அந்நோயில் சிறுகுடல் நீரை வெள்ளமாகக் கக்குகின்றது. பெருங்குடல் அந்நீரை மீட்டு உறிஞ்சக்கூடும். ஆனால் உறிஞ்சுதற்குத் துணையாகும் கொழுப்பமிலங்கள் கழிச்சலால் குன்றிவிடுகின்றன. ஆகவே, செரியாத மாவைக் கொடுத்தால் அது பெருங்குடலை அடைந்து, நுண்ணுயிர்களால் அமிலமாகி, உப்பையும் நீரையும் உடலுக்குள் ஈர்க்குமன்றோ என அவர்கள் எண்ணினர். நோயாளர் 48 பேரை மூன்று பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு வழக்கமான உப்பு, சர்க்கரைக் கரைசலும், மற்றொரு பகுதியார்க்கு அக்கரைசலோடு அரிசி மாவும், எஞ்சியோர்க்குச் செரிமானத்துக்கு எளிதில் வசப்படாத ஒருவகை மக்காச்சோள மாவும் கொடுத்தனர். முதற் பகுதியார்க்குக் கழிச்சல் சராசரி 91 மணி நேரம் நீடித்தது. அரிசி மாவு உண்டார்க்கு 71 மணி. மூன்றாம் பகுதியார்க்கு 57 மணியளவிலேயே நின்றது. இம்முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. செரியாத பொருள் வீண்பொருளன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நிற்க. வாந்திபேதி சில நாளில் தீரும் நோய். இக்காலத்தில் நம்மை வருத்துவன நாள்பட்ட நோய்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் நிகழ்ந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 11 பேர்க்கு மேல் நீரிழிவு உடையவர்; தொகை 10 கோடிக்குச் சற்று மேல். இந்நோய்க்கும் நார்ச்சத்துக்கும் உள்ள தொடர்பு யாது?

தொடர்பு பல வழியில் அமைகின்றது. முதலாவது, நார் நிறைந்த உணவு சிறுகுடலில் மெல்லச் செரித்தலால், சர்க்கரை குருதியில் திடீரெனப் பாய்வதில்லை. இரண்டாவது, பெருங்குடலிற் பிறக்கும் அமிலங்கள் குடற்சுவரிலுள்ள சில உயிரணுக்களைத் தூண்ட, அவை இன்சுலின் சுரப்புக்குத் துணையாவனவும் பசியைத் தணிப்பனவுமாகிய சுரப்புகளை விடுக்கின்றன. மூன்றாவது, பியூட்டிரிக் அமிலம் பெருங்குடற் சுவரின் உயிரணுக்களுக்கு உணவாகி அச்சுவரை உறுதியுடையதாக்குகின்றது. நார் கிடையாதவிடத்து நிகழ்வது யாது? நார் பெறாத எலிகளின் குடலில், பசித்த நுண்ணுயிர்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே அரித்துண்ணத் தொடங்கின என 2016-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. விருந்தினர்க்குச் சோறிடாத வீட்டில் கூரையே உணவாகின்றது போலும்!

மக்களிடத்து நிகழ்ந்த ஆராய்ச்சியும் உண்டு. சீன நாட்டில் நீரிழிவுடையோர்க்குப் பலவகை நார் மிக்க உணவை 12 வாரம் அளித்தபோது, அவருள் நூற்றுக்கு 89 பேர் சர்க்கரைக் கட்டுப்பாட்டின் குறித்த அளவை எய்தினர். வழக்கமான உணவுநெறியில் நின்றோருள் எய்தியவர் நூற்றுக்கு 50 பேரே. இரு பகுதியாரும் ஒரே மருந்தை உண்டவராவர். இது 2018-இல் வெளியாயிற்று. சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர் உடற்பருமன் உடைய 15 பேரைக் கொண்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளரிசிக்குப் பதிலாகத் தவிடு நீங்காத அரிசியை உண்ட நாட்களில், அவர்தம் குருதிச் சர்க்கரையின் ஏற்றம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

இனி, நம் உண்கலத்தை நோக்குவோம். குன்னூரில் தோன்றி 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்ற தேசிய உணவாராய்ச்சி நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் வெள்ளரிசியில் உள்ள நார் 3 கிராமுக்கும் குறைவு. வரகில் 6, சோளத்தில் 10, கம்பிலும் கேழ்வரகிலும் 11, தோல் நீக்காத பச்சைப்பயற்றில் 17 கிராம் அளவில் உள்ளன. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 25 கிராமேனும் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. ஒருவன் நாளொன்றுக்கு 400 கிராம் வெள்ளரிசியை உண்டாலும் அதனால் அவன் பெறுவது 11 கிராமே. எஞ்சியதைப் பயறும் கீரையும் காயும் பழமுமே தருதல் வேண்டும். விடுதியில் சோற்றைக் குவித்து, பொரியலை ஒதுக்கி, சாம்பாரின் தெளிவை மட்டும் ஊற்றிக்கொள்ளும் மாணவன் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பானாக.

அடியேன் ஊர்ப்பக்கமாகிய ஜெயங்கொண்டம் வட்டாரம் இம்மாற்றத்தை நன்கு காட்டுவது. வானம் பார்த்த அப்புன்செய்களில் வரகும் கம்பும் சோளமும் ஊரார் உண்ண விளைந்தன. இன்று முந்திரித் தோப்புகள் பல; அண்டையிலுள்ள பெரம்பலூர்ப் பக்கத்திலோ மக்காச்சோளமும் பருத்தியும் பெருகியுள்ளன. அம்மக்காச்சோளமும் பெரும்பாலும் கோழித்தீவனத்துக்கே செல்கின்றது. கோயிற் கலசத்தில் வரகை இட்டுவைக்கும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. கலசத்தில் ஏறிய வரகு நம் கலத்தினின்றும் இறங்கிவிட்டது. இதற்காக அரிசியைப் பழித்தல் நன்றியன்று. நியாயவிலைக் கடையரிசி ஏழையர் பலரின் பசியைத் தீர்த்தது. வரகைக் குத்திப் புடைக்கும் கடும்பணியினின்றும் பெண்டிரை விடுவித்தது. பசியை வென்றோம், இனி உணவின் வகையைக் காத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

சில எச்சரிக்கைகளும் ஈண்டு வேண்டப்படுவன. சிறுதானியம் என்னும் பெயர் மட்டும் போதாது. வரகையும் சாமையையும் வெண்மையாகுமளவும் தீட்டிவிட்டால் நாரும் தவிட்டோடு போய்விடும். ஆறிய சோற்றில் செரியாத மாவு ஓரளவு மிகுதலால் பழையசோறு நன்றே. எனினும் அதுவொன்றே பயற்றுக்கும் கீரைக்கும் ஈடாகாது. நாரை ஒரே நாளில் மிகுத்தால் வயிறு உப்பும். படிப்படியாகக் கூட்டி, நீரும் வேண்டுமளவு பருகுதல் நலம். நீரிழிவுடையோர் உணவை மாற்றுங்கால் மருத்துவரைக் கலந்தே மாற்றுதல் வேண்டும். மருந்தைத் தாமே நிறுத்தலாகாது.

நண்பர்களே! பெரும் பொருட்செலவின்றி நாம் செய்யக்கூடியன உள. வாரத்தில் இருநாள் கம்பஞ்சோறோ கேழ்வரகுக் களியோ உண்ணலாம். மாலையில் சுண்டல் உண்ணலாம். பழத்தைப் பிழிந்து சாறாக்காது கடித்தே உண்ணலாம். விடுதிச் சமையற்குழுவில் அமர்வோர் இதனை எடுத்துப் பேசலாம். நார் குறைந்த உணவைத் தலைமுறை தலைமுறையாக உண்ட எலிகளின் குடலில் சில நுண்ணுயிர்கள் அறவே மறைந்தன. பின்னர் நாரைக் கொடுத்தும் அவை மீளவில்லை என்பது 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வின் முடிவு. எலிக்கு நேர்ந்ததெல்லாம் மனிதர்க்கும் நேரும் என்று துணிதல் கூடாது. ஆயினும், முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற செல்வங்களுள் மொழியும் நிலமும் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத இவ்வுயிர்க் கூட்டமும் ஒன்று. அதனைப் பட்டினியிடாது பின்னோர்க்கு அளித்தல் நம் கடனாகும்.