இலிக்னினும் தானியப் பயிர்களும்: முக்கியக் குறிப்புகள்

கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கும் வீதியில் தேயிலை முடிய, சோளச் சேனைகள் வரத் தொடங்கும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில், மறுநடுகைக்கு முன் நடப்படும் குவாட்டமாலாப் புல் அந்தச் சோளத்துக்கு நெருங்கிய உறவு. இரண்டும் காற்றில் சாயாமல் நிற்கப் பெரிதும் உதவுவது கலச்சுவரில் படியும் இலிக்னின். வெட்டிப் பரப்பிய புல் மண்ணில் மெதுவாக உக்குவதற்கும், முற்றிய தட்டு மாட்டுக்கு எளிதில் செரிக்காததற்கும் அதுவே முக்கிய காரணம்.

• மூன்று அற்ககோல்கள் சேர்ந்த பல்பகுதியம்: கூமரைல் (எச் அலகு), கொனிஃபெரைல் (ஜி அலகு), சினாபைல் (எஸ் அலகு). புரதத்தைப் போல நிலையான வரிசை கிடையாது.

• தொடக்க நொதியம் பீஏஎல். பீனைலலனினிலிருந்து அமோனியாவை நீக்கிச் சினமிக் அமிலம் தரும். அதன் மேல் ஓர் ஐதரொட்சில் கூட்டத்தைச் சேர்ப்பது சி4எச்.

• இருவித்திலைத் தாவரத்தை வைத்து வரைந்த படத்தை நெல்லுக்கும் சோளத்துக்கும் அப்படியே எழுதினால் பிழைப்பது இங்கேதான். புல் குடும்பத்தில் தைரோசினையும் ஏற்கும் பீடீஏஎல் என்ற நொதியம் உண்டு. தைரோசினில் அந்த ஐதரொட்சில் ஏற்கெனவே இருப்பதால் சி4எச் படி தேவைப்படாது. நேரே கூமரிக் அமிலம் கிடைக்கும். கோதுமைக்கு உறவான பிரக்கிபோடியம் புல்லில் இலிக்னினின் ஏறத்தாழ பாதி இவ்வழியில் வருவதாக 2016 இல் காட்டப்பட்டது.

• அடுத்து 4சிஎல்: ஏடிபியைச் செலவழித்து துணைநொதியம் ஏ-யை இணைக்கும். கடைசி இரண்டு தாழ்த்தல் படிகள் சிசிஆர், சிஏடி. இரண்டுக்கும் என்ஏடிபிஎச் வேண்டும்.

• மெதைல் கூட்டம் சேர்ப்பவை சிசிஓஏஓஎம்டி, சிஓஎம்டி. எஸ் அலகுக்கு எஃப்5எச் நொதியமும் தேவை.

• அற்ககோல்களைச் சுவரில் கோப்பவை லக்கேசும் பெரொக்சிடேசும். முன்னது ஒட்சிசனையும் பின்னது ஐதரசன் பேரொட்சைட்டையும் பயன்படுத்தும். லக்கேசில் செம்பு, பெரொக்சிடேசில் இரும்பு.

• புல்லினத்துக்குச் சிறப்பான இன்னொன்று: டிரைசின் என்ற ஃபிளேவனொயிட்டும் இலிக்னின் சங்கிலியில் சேர்கிறது.

• இத்தனை பெயரையும் வரிசையாக மனனம் செய்வது வீண்வேலை. சோளத்தின் பழுப்பு நடுநரம்பு (பிஎம்) விகாரிகளைப் பிடித்துக்கொண்டால் பாதை தானாக நினைவில் நிற்கும். முதலாவது 1924 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தென்பட்டது. இலையின் நடுநரம்பு செம்பழுப்பாகும், இலிக்னின் குறையும் அல்லது மாறும். பிஎம்1 பழுதானால் சிஏடி குறைகிறது. பிஎம்3 என்பது சிஓஎம்டியின் பரம்பரையலகு. இது 1995 இல் உறுதியானது. பிஎம்5 என்பது 4சிஎல். பிஎம்2, பிஎம்4 இரண்டும் இலிக்னின் பாதையிலேயே இல்லை! அவை ஃபோலேற்று அனுசேபத்தைச் சேர்ந்தவை. ஆனால் மெதைல் கூட்டத்தைத் தரும் எஸ்-அடினோசில்மெதியோனின் உருவாக ஃபோலேற்று வேண்டும். வரத்து குறைந்தால் இலிக்னினும் குறையும்.

• இறுங்கில் இதே வகை விகாரிகளை 1978 இல் பேர்டூ பல்கலைக்கழகத்தார் இரசாயனத்தால் தூண்டி உருவாக்கினர். பிஎம்ஆர்6 சிஏடி, பிஎம்ஆர்12 சிஓஎம்டி, பிஎம்ஆர்2 4சிஎல்.

• நெல்லில் உமியும் கணுவிடையும் பொன்னிறமாகும் ஜிஎச்2 விகாரி: ஓஎஸ்சிஏடி2 பழுது (2006).

• பயன்: பிஎம்3 சோளத் தட்டு மாட்டுக்கு நன்றாகச் செரிக்கும். கேடு: விளைச்சல் குறையலாம், பயிர் சாயலாம். பால்மாட்டுக்காரருக்கு இலாபமாவது கதிருக்காகப் பயிரிடுபவருக்கு நட்டமாகலாம். ஊவாவின் காற்றுச் சரிவில் கதிருக்காக இதை விதைக்க நான் சொல்லமாட்டேன்.

• கணக்கு: பிஎம் எதிருருக்கள் பின்னிடைவானவை. தூய பிஎம்1 செடியையும் தூய பிஎம்3 செடியையும் கலந்தால் முதல் எச்சம் முழுவதும் பச்சை நரம்பு. அவற்றைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்தால் பச்சைக்கும் பழுப்புக்கும் 9:7. பிஎம்1 ஐந்தாம் நிறமூர்த்தத்திலும் பிஎம்3 நான்காவதிலும் இருப்பதால்தான் இந்த விகிதம். பிஎம்1 உடன் பிஎம்5 கேட்டால் 9:7 என்று எழுதிவிடாதீர்கள். இரண்டும் ஐந்தாவதில் இருக்கின்றன.